பாலியல் குற்றவாளிப் பதிவேடு: பதிவது யார்?

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் அடிக்கடி தலைகாட்டும் மசோதா வகை ஒன்று உண்டு. ‘செக்ஸ் அஃபெண்டர் ரெஜிஸ்ட்ரேஷன்’ விதிகளை இறுக்கவோ தளர்த்தவோ கேட்கும் மசோதா. தமிழில் ‘பாலியல் குற்றவாளிகள் பதிவு’ என்று எழுதுகிறோம். நம்மூர் வாசகருக்கு உடனே நினைவுக்கு வருவது காவல் நிலையத்துச் ‘சரித்திரப் பதிவேடு’. அங்கே எழுதுவது போலீஸ். பெயருக்குரியவர் எங்கேயோ இருப்பார். அமெரிக்க ஏற்பாடு அப்படியல்ல. பதியவேண்டிய பொறுப்பு தண்டனை பெற்றவர் தலையில்தான்.

முதலில் சொற்கள். ‘ரெஜிஸ்டர்’ லத்தீன் வழி வந்தது. அதன் மூலவினைக்கு ‘திரும்பக் கொண்டுவருதல்’ என்று பொருள். அது இடைக்கால லத்தீனில் குறித்துவைக்கும் புத்தகத்துக்குப் பெயராகிவிட்டது. நாமும் ‘ரிஜிஸ்தர்’ என்று வெகுகாலம் புழங்கினோம். ‘பதிவேடு’ பதிவும் ஏடும் சேர்ந்தது. பதிதல் என்றால் அழுந்துதல், தடம் விடுதல். ஏடு என்றால் ஓலை. எழுத்தாணியால் ஓலையில் கீறியதை அழிப்பது லேசல்ல. ‘குற்றவாளி’யில் உள்ள ஆளி, கடனாளியிலும் நோயாளியிலும் இருப்பதுதான். பத்திரிகைகளில் கைதானவரையே குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள், அது தவறு. இந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தவர்கள் என்பதால் இங்கே அந்தச் சொல் பொருந்தும்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். 1947இலேயே மாநில அளவில் இதைக் கொண்டுவந்த முதல் மாநிலம் அது. தண்டனைச் சட்டத்தின் 290ஆம் பிரிவு என்பதால் வக்கீல்களும் போலீஸும் ‘டூ நைன்ட்டி’ என்றே சொல்வார்கள். பட்டியலில் இருப்பவர் ஆண்டுதோறும் தன் பிறந்தநாளை ஒட்டிய ஐந்து வேலைநாட்களுக்குள் உள்ளூர்க் காவல்துறைக்குப் போய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினாலும் ஐந்து வேலைநாள்தான் கெடு. தங்க வீடே இல்லாதவர் முப்பது நாளுக்கு ஒருமுறை போகவேண்டும். வேண்டுமென்றே போகாமல் இருந்தால் அதுவே தனிக் குற்றம், சிறை வரை போகலாம்.

யார் யார் அந்தப் பட்டியலில் ஏறினார்கள் என்பது இன்னொரு கதை. ஓரினச் சேர்க்கை குற்றமாக இருந்த காலத்தில் அதற்காகப் பிடிபட்டவர்களையும் இதில் ஏற்றினார்கள். மார்ட்டின் லூதர் கிங்குடன் இருந்து 1963 வாஷிங்டன் பேரணியை ஒழுங்கு செய்த பயார்ட் ரஸ்டின், 1953இல் பாசடீனாவில் அப்படிக் கைதானவர். அவரும் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. இறந்து முப்பதாண்டுக்கு மேல் ஆன பிறகு, 2020இல், ஆளுநர் கேவின் நியூசம் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

2017 வரை அங்கே சிறிய குற்றம், பெரிய குற்றம் என்ற பேதம் அநேகமாகக் கிடையாது. ஏறினால் ஆயுள் முழுக்க. பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இத்தனை பேரில் உண்மையிலேயே ஆபத்தானவர் யார் என்று போலீஸுக்கே தெரியாமல் போனது. அந்த ஆண்டு வந்த செனட் மசோதா 384 இதை மாற்றியது. (மதுக்கடைகளை அதிகாலை நான்கு மணி வரை திறந்துவைக்கக் கேட்டு வந்த மசோதா அது. உள்ளடக்கத்தை உருவி எறிந்துவிட்டு இதை வைத்தார்கள். அங்கே இது சகஜம்.) 2021 முதல் மூன்று அடுக்கு: 10 ஆண்டு, 20 ஆண்டு, ஆயுள். காலம் முடிந்ததும் பெயர் தானாக நீங்காது, நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும்.

அப்படியானால் தமிழில் எப்படிச் சொல்வது? ‘ரெஜிஸ்ட்ரி’க்குப் பதிவேடு சரி. ‘ரெஜிஸ்ட்ரேஷன் ரெக்வயர்மென்ட்’டைப் பதிவு நிபந்தனை என்று எழுதுகிறார்கள். நிபந்தனை ஜாமீனுக்கும் பரோலுக்கும் உரியது. மீறினால் ஜாமீன் போகும், அவ்வளவே. இது சட்டமே சுமத்துவது, எனவே ‘பதிவுக் கடமை’ என்பேன். ‘பதிவுத் தண்டனை’ என்பது வேண்டவே வேண்டாம். அலாஸ்காச் சட்டம் பற்றிய வழக்கில் 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இது தண்டனையல்ல, ஒழுங்குமுறை ஏற்பாடு என்றது. சுமப்பவருக்கு அப்படித் தோன்றுமா என்பது வேறு கேள்வி. மேலே சொன்ன மூன்று பிரிவுகளைக் குறிக்கும் ‘டியர்’ (tier) என்பதற்கு ‘அடுக்கு’ போதும், படிநிலை என்றால் ஏறிப்போகிற மாதிரி தொனிக்கிறது. பட்டியலை இணையத்தில் அக்கம்பக்கத்தார் பார்க்க வைப்பது தனி ஏற்பாடு. மேகன் சட்டம் என்று அறியப்படுவது அதுதான். அதைப் ‘பொது அறிவிப்பு’ எனலாம்.

இந்தியாவிலும் 2018 செப்டம்பரில் தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் தொடங்கியது. அதில் விவரங்களை ஏற்றுவது அரசுத் தரப்பு, பார்ப்பதும் விசாரணை அமைப்புகள் மட்டுமே. குற்றவாளி எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. ஆகவே அதைப் பற்றி எழுதும்போது பதிவுக் கடமைக்கும் பொது அறிவிப்புக்கும் வேலையே இல்லை, பதிவேடு ஒன்றே போதும்.