சொல் விளக்கம்: வலைப்பதிவு, வலையொலி

நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பிரிவில் "பாட்காஸ்ட்" என்று சொன்னதும் பலருக்கும் கண்முன் வருவது இரண்டு மைக், இரண்டு நாற்காலி, எதிரே ஒரு கேமரா. சொல் பிறந்தபோது இதில் எதுவும் கட்டாயமாக இல்லை. ஒலிக்கோப்பு கேட்பவரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைத்தான் அது குறித்தது. தமிழில் அதற்கு எந்தச் சொல்லைப் போடலாம் என்ற கேள்விக்கும் அங்கேதான் விடை இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அதன் அண்ணனான "பிளாக்" என்ற சொல்லைப் பார்த்துவிட வேண்டும்.

1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர், தான் இணையத்தில் படித்தவற்றை நாள்தோறும் குறித்துவைத்த பக்கத்துக்கு "வெப்லாக்" என்று பெயர் வைத்தார். "வெப்" என்றால் வலை. "லாக்" கப்பலிலிருந்து வந்தது. வேகத்தை அளக்க, முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் விடுவார்கள். அந்தக் கட்டைதான் லாக். அந்த அளவுகளை எழுதிவைத்த ஏட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் "வெப்லாக்" என்பதை வேடிக்கையாக "வீ பிளாக்" என்று உடைத்து எழுத, பின்பாதி மட்டும் தனியாகக் கழன்று "பிளாக்" ஆனது. அதே ஆண்டு பைரா லேப்ஸ் தொடங்கிய "பிளாகர்" சேவை அதை ஊரறியச் செய்தது. 2003இல் கூகுள் அதை வாங்கியது. 2004இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி "பிளாக்" என்பதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

தமிழில் இதற்கு வலைப்பதிவு, வலைப்பூ என்று இரண்டு சொற்கள் உண்டு. பூ அழகானது, அன்பானது. தனியாள் எழுதும் பக்கத்துக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு நிறுவனம் தன் காலாண்டு முடிவுகளை விளக்கும் இடத்தை வலைப்பூ என்றால் காதில் ஒட்டவில்லை. "லாக்" என்பதன் நேர்ப்பொருளும் பதிவுதான். எனவே அலுவல் எழுத்தில் வலைப்பதிவு என்பதே என் தேர்வு. அதில் வெளியாகும் ஒவ்வொன்றும் இடுகை, எழுதுபவர் பதிவர், வாசகர் கீழே எழுதுவது பின்னூட்டம். "இன்று ஒரு பிளாக் போட்டோம்" என்று ஆங்கிலத்தில் நடக்கும் குழப்பம் தமிழிலும் வந்துவிட்டது. போட்டது இடுகை, பிளாக் என்பது அது இருக்கும் இடம்.

சரி, பாட்காஸ்டுக்கு வருவோம். 2004 பிப்ரவரி 12 அன்று தி கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி ஒரு கட்டுரை எழுதினார். இணையத்தில் பெருகிவந்த தன்னார்வ ஒலி நிகழ்ச்சிகளை என்னவென்று அழைப்பது என்று கேட்டு, மூன்று பெயர்களை அடுக்கினார்: ஆடியோபிளாகிங், பாட்காஸ்டிங், கெரில்லாமீடியா. பக்கத்தை நிரப்ப ஒரு வரி குறைகிறது என்று ஆசிரியர் கேட்டதால் சேர்த்த வரி அது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மூன்றில் நடுவில் இருந்தது பிழைத்தது. அடுத்த ஆண்டே நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாக்கியது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்டுகளைச் சேர்த்தது.

"பாட்", 2001இல் வந்த ஆப்பிளின் ஐபாட் என்ற பாட்டுக் கேட்கும் கருவியிலிருந்து எடுத்தது. "காஸ்ட்", பிராட்காஸ்ட் என்பதன் வால். வயலில் விதையைக் கைவீச்சாகத் தூவுவதுதான் பிராட்காஸ்ட். வானொலி அதைப் பின்னால் கடன் வாங்கியது. பாட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விதை நெற்று என்றும் பொருள் இருப்பதால், நெற்றும் விதைப்பும் தற்செயலாக ஒரே சொல்லில் வந்து சேர்ந்துவிட்டன. "பெர்சனல் ஆன் டிமாண்ட்" என்பதன் சுருக்கமே பாட் என்று சில பயிற்சிக் கையேடுகளில் பார்க்கலாம். அது பிற்பாடு ஒட்டவைத்த விரிவு; நம்ப வேண்டாம்.

பெயரைவிடப் பழையது அதன் தொழில்நுட்பம். டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் 2000 இறுதியிலேயே ஆர்.எஸ்.எஸ். ஓடையில் ஒலிக்கோப்பை இணைத்து அனுப்ப வழி செய்துவிட்டார். (இது வேறு ஆர்.எஸ்.எஸ்.; ஒரு தளத்தில் புதிதாக வருவதைச் சந்தா சேர்ந்தவருக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் முறை.) எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி அந்த யோசனைக்குத் தூண்டுகோலாக இருந்தவர். வலைப்பதிவின் புதிய இடுகைகள் வாசகரைத் தேடிப் போவதற்கு இருந்த அதே வாய்க்காலில், எழுத்தோடு ஒலியும் போகத் தொடங்கியது. கேட்பவர் ஒருமுறை சந்தா சேர்ந்தால் போதும், அடுத்த பகுதி தானாக வந்து இறங்கும். நடுவில் நிலையமும் இல்லை, நேர ஒதுக்கீடும் இல்லை. இதுதான் பாட்காஸ்டின் உயிர்.

இப்படிப் பார்த்தால் "ஒலியோடை" என்ற தமிழ்ச்சொல் மூலப்பொருளுக்கு மிக நெருக்கமானது. ஓடை என்பதிலேயே தொடர்ந்து வந்துகொண்டிருப்பது அடங்கிவிடுகிறது. ஆனாலும் வழக்கில் வென்றது "வலையொலி". அதற்கும் ஒரு நியாயம் உண்டு. பாட் என்ற சொல்லில் ஒரு நிறுவனத்தின் கருவி மணக்கிறது என்று, லியோ லபோர்ட் போன்ற அமெரிக்க நிகழ்ச்சியாளர்களே "நெட்காஸ்ட்" என்ற மாற்றுச்சொல்லை முன்வைத்தார்கள். அங்கே அது எடுபடவில்லை. ஐபாட் சந்தையிலிருந்து விடைபெற்ற பிறகும் ஆங்கிலம் அதன் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. வலையொலியில் அந்தச் சுமை இல்லை. வானொலியோடு பக்கத்தில் வைத்தால் உறவும் உடனே புரிகிறது.

ஒரே தொல்லை எழுத்துப்பிழை. வலையொலி, வலையொளி இரண்டும் வழக்கில் உண்டு. முன்னது கேட்பது, பின்னது யூடியூப் போன்ற காணொளித் தளத்தில் இருப்பது. ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்று வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்கனவே இருக்கும் அதே ல, ள வேறுபாடு. பேச்சில் பலர் இரண்டையும் ஒன்றாகவே உச்சரிப்பதால், அழைப்பிதழிலும் விளம்பரத்திலும் இது மாறிப்போவது சாதாரணம். உரையாடலைக் கேமராவில் பதிந்து காணொளியாக மட்டும் வெளியிட்டால் அது வலையொளி நிகழ்ச்சி. அதன் ஒலியைத் தனியே ஓடையிலும் விட்டால்தான் வலையொலி.

மக்கள் தொடர்பில் வலைப்பதிவும் வலையொலியும் ஏன் இவ்வளவு பேசப்பட்டன? பழைய ஆயுதம் செய்திக்குறிப்பு. அது ஆசிரியருக்கு எழுதப்படுவது. அவர் எடுத்தால்தான் மக்களுக்குப் போகும். ஒரு நிறுவனத்தில் பொருள்கள் தாமதமாகப் போய்ச் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். செய்திக்குறிப்பு இப்படி இருக்கும்: "தவிர்க்க முடியாத காரணங்களால் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம்." வலைப்பதிவில் கிடங்கு மேலாளரே எழுதலாம்: "சென்ற வாரம் மென்பொருளை மாற்றினோம். பழைய ஆர்டர்கள் புதிய பட்டியலில் ஏறவில்லை. இரவு ஆட்களை வைத்துக் கையால் சரிபார்த்து வருகிறோம்." வலையொலியில் அவர் குரலே கேட்கும், கேள்விக்குத் தயங்கினால் அந்தத் தயக்கமும் கேட்கும். அதனால்தான் பல அதிகாரிகள் வலையொலிக்கு அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதுதான். எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தால் நேயருக்கு இரண்டாவது நிமிடமே தெரிந்துவிடும். (நேயர் என்பது வானொலி நமக்குத் தந்த சொல், வலையொலிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.)

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தின் உயர் அதிகாரி ஜானதன் ஷ்வார்ட்ஸ் 2004இலேயே தன் பெயரில் வலைப்பதிவு எழுதினார். நிதித்தகவலை அதில் வெளியிட்டால் பொது அறிவிப்பாக ஏற்பீர்களா என்று 2006இல் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கேட்டார். அதன் தலைவர் கிறிஸ்டோபர் காக்ஸ் அந்த வலைப்பதிவிலேயே ஒரு பின்னூட்டமாகப் பதில் எழுதினார்! நிறுவன இணையதளங்களை எந்த நிலையில் அறிவிப்பு இடமாக ஏற்கலாம் என்ற வழிகாட்டல் 2008இல் வந்தது. வலையொலிப் பக்கம், மக்கள் தொடர்புத் துறையினரான ஷெல் ஹோல்ட்ஸும் நெவில் ஹாப்சனும் தம் தொழிலைப் பற்றிய நிகழ்ச்சியை 2005 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டார்கள்.

இதன் மறுபக்கத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு: "ஃபிளாக்". போலி வலைப்பதிவு. 2006இல் ஒரு ஜோடி வாகனத்தில் அமெரிக்காவைச் சுற்றி, வால்மார்ட் கடைகளின் வண்டி நிறுத்துமிடங்களில் தங்கி, சந்தித்த ஊழியர்களைப் பற்றி மகிழ்ச்சியாக எழுதினார்கள். செலவைக் கொடுத்தது வால்மார்ட் ஆதரவு அமைப்பு ஒன்று. அதன் பின்னால் இருந்தது எடெல்மன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். விஷயம் வெளியானதும் ரிச்சர்ட் எடெல்மன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பணமோ பொருளோ பெற்று எழுதும் பதிவர்கள் அதை வெளியே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையத்தின் வழிகாட்டல் 2009இல் திருத்தப்பட்டது. ஃபிளாக்குக்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. "பொய்ப்பதிவு" என்றால் சொன்ன செய்தி பொய் என்று ஆகிவிடும். இங்கே மறைக்கப்பட்டது செய்தியல்ல, எழுதவைத்தவர் யார் என்பது. "முகமூடிப் பதிவு" என்றால் அது வந்துவிடுகிறது.

அப்புறம் வினைச்சொல். "வலையொலித்தல்" என்று சிலர் ஆக்கிப் பார்க்கிறார்கள், நாக்கில் நிற்கவில்லை. "வலையொலி வெளியிடுதல்", "வலையொலி நடத்துதல்" போதும். எபிசோடுக்குப் பகுதி, நடத்துபவருக்கு நெறியாளர். பேச்சை எழுத்தாக்கிக் கீழே தருவது எழுத்துவடிவம். அதை வலைப்பதிவில் இடுகையாகப் போட்டுவிட்டால், கேட்க நேரமில்லாதவரும் படிப்பார், தேடுபொறியும் கண்டுபிடிக்கும்.