கர்ப்ப காலப் படபடப்பு: மூச்சை நீட்டி விட்டால் ஏன் தணிகிறது?

கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களில் கர்ப்பிணிகளும் உண்டு. ஏலம் செடியின் அடித்தூரில் காய்ப்பது. குனிந்தோ குத்துக்காலிட்டோதான் எடுக்க வேண்டும். கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுகளில் நெஞ்சு அடித்துக்கொண்டால், "பிள்ளைக்கு ஏதும் ஆயிருமோ" என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

அந்த அடிப்பு எல்லாமே பயத்தால் வருவதல்ல. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதயம் நிமிடத்துக்கு 10 முதல் 20 தடவை அதிகமாகத் துடிக்கிறது. கர்ப்பத்தில் கூடுகிற புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூளையின் மூச்சு மையத்தைத் தூண்டுவதால் இளைப்பும் தெரியும். இதை மனசு ஆபத்தென்று எடுத்துக்கொண்டால் அட்ரினலின் சுரந்து, துடிப்பு இன்னும் ஏறும்.

துடிப்பை நினைத்தபடி குறைக்க முடியாது, மூச்சை முடியும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிக்கிறது. விடும் நேரத்தில், துடிப்பை மட்டுப்படுத்துகிற வேகஸ் நரம்பின் பிடி இதயத்தின் மேல் கூடுவதுதான் காரணம். ஆகவே நான்கு விநாடி மூக்கால் இழுத்து, ஆறு விநாடி மெல்ல விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நடுவில் அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

"நல்லா இழுத்து இழுத்து விடு" என்பார்கள் பக்கத்தில் இருப்பவர்கள். நல்லெண்ணம்தான், ஆனால் தப்பு. கர்ப்பிணியின் ரத்தத்தில் கரியமில வாயு ஏற்கெனவே குறைவு. வேகமாக மூச்சு வாங்கினால் அது மேலும் குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மதமதக்கும். அப்புறம் பயம் இரட்டிப்பாகும்.

இன்னொரு வழி, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக எழுதிய தசைத் தளர்வுப் பயிற்சி. கையைச் சில விநாடி இறுக்கிப் பிடித்துச் சட்டென்று விடுவது, பிறகு தோள், முகம், தொடை. இறுக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று உடம்புக்கே அப்போதுதான் தெரியும். ஜீப்பில் உட்கார்ந்தபடியே செய்யலாம். வயிற்றை மட்டும் இறுக்கக் கூடாது. படுத்துச் செய்வதானால், ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். மல்லாந்தால், உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற கீழ்ப்பெருஞ்சிரையைக் கருப்பை அழுத்தும்.

சரி, வேலை நேரத்துக்கு நடுவே ஐந்து நிமிடம் உட்கார விடாத கங்காணியிடம் எந்தப் பயிற்சியும் செல்லாது. ரத்தசோகையிலும் இதே படபடப்பு வரும், அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தில்லை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல் என்றால் அன்றைக்கே.