மாடியில் ஆன்டெனா ஏறுவதற்கு முன்

கட்டடங்களுக்கு இடையே கம்பியில்லா இணைப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். குடியிருப்போர் சங்கங்களும் கல்லூரி மாணவர் குழுக்களும் அண்மைக் காலமாக என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தெருவாசிகளே கூடி ஒரு மெஷ் வலையமைப்பைக் கட்டிக்கொள்ள முடியுமா என்பதே அது. முடியும்; உலகின் பல நகரங்களில் கட்டியும் இருக்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் ரூட்டரின் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். இத்தகைய வலைகள் ஓரிரு ஆண்டுகளில் படுத்துவிடுவதற்கு ரூட்டர் காரணமாக இருப்பது அரிது. மின்சாரம், மாடிக்குள் நுழையும் அனுமதி, பழுதானால் ஏறிப் பார்க்க ஓர் ஆள் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் போவதே பெரும்பாலும் காரணம்.

மெஷ் என்பது, ஒவ்வொரு வீட்டு மாடியிலும் உள்ள கருவி தன் அண்டைக் கருவிகளோடு பேசி, தரவைக் கைமாற்றி, இணையம் உள்ள இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. நடுவில் ஒரு கருவி நின்றுபோனால் மென்பொருளே வேறு வழியைத் தேடிக்கொள்ளும். பெர்லினை மையமாகக் கொண்டு வளர்ந்த, தெருவாசிகளே வலை கட்டிக்கொள்ளும் ஃபிரைஃபுங்க் இயக்கத்தின் தன்னார்வலர்கள் இதற்காக உருவாக்கிய பேட்மேன் என்ற நெறிமுறையின் ஒரு வடிவம், 2011 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே மென்பொருளுக்குப் பஞ்சமில்லை, அதற்குக் காசும் கொடுக்க வேண்டியதில்லை.

இதன் பயனை எடுத்துச்சொல்ல நான் வழக்கமாகக் காட்டுவது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கடலோரமாக உள்ள ரெட் ஹூக் குடியிருப்பை. அங்கே ரெட் ஹூக் இனிஷியேட்டிவ் என்ற சமூக அமைப்பு, ஓப்பன் டெக்னாலஜி இன்ஸ்டிட்யூட்டின் துணையுடன், சில மாடிகளில் மட்டும் ஒரு சிறு மெஷ் வலையை அமைத்திருந்தது. 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் தாக்கியபோது அப்பகுதியில் மின்சாரமும் தொலைபேசியும் முடங்கின. அந்த அமைப்பின் கட்டடத்தில் மட்டும் மின்சாரம் நிற்கவில்லை. மக்கள் அங்கு திரண்டு உறவினர்களைத் தொடர்புகொண்டார்கள். பின்னர் அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமை தன் செயற்கைக்கோள் இணைப்பையே அந்த வலையில் கொண்டுவந்து இணைத்தது. இந்தச் செய்தியைப் படிப்பவர்கள், புயலிலும் மெஷ் நிற்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நின்றதற்குக் காரணம், மின்சாரம் இருந்த ஒரு கட்டடம் அந்த வலையில் இருந்ததும், அதை இயக்கத் தெரிந்தவர்கள் அருகிலேயே இருந்ததும்தான். புயலுக்குப் பின் அந்த அமைப்பு உள்ளூர் இளைஞர்களுக்கே கருவிகளைப் பொருத்தவும் பராமரிக்கவும் பயிற்சி கொடுத்தது. என்னைக் கேட்டால், கூடுதல் ஆன்டெனா வாங்குவதைவிட அது நல்ல முதலீடு.

அடுத்த தவறான நம்பிக்கை, கருவிகளை எவ்வளவு அதிகமாக வைக்கிறோமோ அவ்வளவு வேகம் கிடைக்கும் என்பது. ஒரே ரேடியோ உள்ள கருவி, ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒன்று கேட்க முடியும், அல்லது பேச முடியும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. வாளியைக் கைமாற்றித் தண்ணீர் கொண்டுபோகும் வரிசையில், ஒருவர் வாங்கும்போது அவரால் கொடுக்க முடியாது அல்லவா, அதே நிலைதான். அதனால் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது: இணையம் வலைக்குள் வரும் நுழைவாயிலில் 80 எம்பிபிஎஸ் இருந்தால், மூன்று தாவல்களுக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்கு 10 எம்பிபிஎஸ் அளவுக்கே மிஞ்சலாம். எனவே, உயரமான சில இடங்களுக்கு இடையே திசைநோக்கிய ஆன்டெனாக்களைக் கொண்டு தனி முதுகெலும்பு இணைப்பு ஒன்றை அமைத்துவிட்டு, அங்கிருந்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதே நடைமுறை. நியூயார்க் மெஷ் என்ற தன்னார்வ வலை, கீழ் மன்ஹாட்டனில் 375 பேர்ல் தெருவில் உள்ள உயர்ந்த கட்டடத்திலிருந்து இப்படித்தான் கிளை பரப்பியது.

முதுகெலும்பு இணைப்புக்கு இரு முனைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. நேர்க்கோட்டைச் சுற்றி ஃபிரெனல் மண்டலம் என்ற உருண்டு நீண்ட இடைவெளி ஒன்று தேவை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் அதன் ஆரம் சுமார் 5.6 மீட்டர், அதில் அறுபது சதவீதமாவது மறைப்பின்றி இருக்க வேண்டும். கோடையில் நன்றாக ஓடிய இணைப்பு மழைக்காலத்தில் திணறுகிறது என்ற புகாரைப் பார்க்கப் போனால், பெரும்பாலும் நடுவில் ஒரு வேம்போ தென்னையோ தழைத்து, ஈரத்தோடு நிற்கும். நீர் நிறைந்த இலை ரேடியோ அலைக்கு ஏறக்குறைய சுவர்தான்.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டு முயற்சிகளில் பணம் மிச்சம் பிடிக்கப்படுவது இங்கேதான். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் லேன் கேபிள்கள் பலவற்றில் உள்ளிருப்பது செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது அலுமினியம். வீட்டுக்குள் கணினிக்கு அது தாக்குப்பிடிக்கும். மாடிக் கருவிக்கு அதே கேபிளில்தான் மின்சாரமும் ஏறுகிறது. நாற்பது ஐம்பது மீட்டர் போவதற்குள் மின்னழுத்தம் இறங்கி, சுமை கூடும்போதெல்லாம் கருவி அணைந்து அணைந்து எரியும். பழுது எங்கே என்று தெரியாமல் ரூட்டரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு தவறு, 24 வோல்ட் கருவியில் 48 வோல்ட் பிஓஇ அடாப்டரை, அதாவது லேன் கேபிள் வழியே மின்சாரம் ஏற்றும் அடாப்டரை, செருகுவது. இரண்டின் முனையும் ஒரே மாதிரி இருப்பதால் தன்னார்வலர் மாறும்போதெல்லாம் இது நடக்கிறது. அடாப்டரின் மேல் மார்க்கரில் வோல்ட்டைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். வெயில் தாங்கும் உறையுள்ள செம்புக் கேபிள், சுவருக்குள் நுழையுமுன் நீர் சொட்டி விழக் கீழ்நோக்கி ஒரு வளைவு, ஆன்டெனாக் கம்பத்துக்கு முறையான எர்த், மின்னல் பாதுகாப்பான் ஆகியவை இல்லாமல் பருவமழையை எதிர்கொள்வது வீண் துணிச்சல். இடி இடிக்கும்போது யாரும் மாடிக்கு ஏறக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று தோன்றும். இணைப்பு போய்விட்டது என்று பத்துப் பேர் அழைக்கும்போது ஏறுபவர்கள் இருக்கிறார்கள்.

பேட்டரிக் கணக்கு எளிது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. 8 வாட் இழுக்கும் கருவிக்கு ஏட்டளவில் பத்து மணி நேரம் வரும்; ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் கெடும் என்பதால் ஐந்து மணி நேரத்தையே நம்ப வேண்டும். முதுகெலும்பில் உள்ள இடங்களுக்கு மட்டுமாவது இதைவிடப் பெரிய ஏற்பாடு தேவை.

சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 முதலும், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018 முதலும், குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டுள்ளன. அலையைப் பயன்படுத்தும் அனுமதி வேறு, இணையத்தைப் பிறருக்கு விநியோகிக்கும் அனுமதி வேறு. வீட்டு பிராட்பேண்டை வாங்கித் தெருவுக்குக் காசுக்குப் பிரித்துக்கொடுப்பது ஒப்பந்த மீறலாகவும், சட்ட மீறலாகவும் முடியலாம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில், மக்களுக்கு வைஃபை வழங்கும் பொதுத் தரவு நிலையம் நடத்துபவருக்கு உரிமமோ பதிவோ தேவையில்லை என்பதால், காசு வாங்க எண்ணுபவர்கள் அந்த வழியைப் பார்ப்பது நல்லது. பூட்டில்லாத வைஃபையை விளையாட்டாக எண்ண வேண்டாம். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவருடைய வீட்டு வைஃபை வழியே அனுப்பப்பட்டதாகப் புலனாய்வில் தெரியவந்து, இணைப்புக்கு உரியவர் விசாரணைக்கு உள்ளானார். ஜெர்மனியில், பிறர் செய்த குற்றத்துக்கு இணைப்பின் உரிமையாளர் பொறுப்பேற்க நேரும் சட்டநிலை இருந்ததால், ஃபிரைஃபுங்க் குழுக்கள் பல ஆண்டுகள் தங்கள் தரவுப் போக்குவரத்தை, இணைப்பு யாருடையது என்று வெளியே தெரியாதபடி, விபிஎன் என்ற மறைவுத் தடம் வழியாக வெளியே கொண்டுபோனார்கள். 2017 சட்டத் திருத்தம்தான் அந்தச் சுமையைப் பெரிதும் குறைத்தது.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஓசோனா என்ற ஊர்ப்புறப் பகுதியில் 2004இல் தொடங்கிய குய்ஃபி என்ற சமூக வலை 30,000க்கும் மேற்பட்ட கணுக்களாக (இணைப்பு இடங்களாக) வளர்ந்ததற்குப் பின்னால் ஓர் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்கிறது. இணைபவர் ஒவ்வொருவரும் தன் கருவி வழியே பிறர் தரவு கடந்துபோக இடம்கொடுக்க வேண்டும், அதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது வரையறுக்கிறது. வணிக நிறுவனங்களும் அதே விதிக்கு உட்பட்டு அந்த வலையில் தொழில் செய்யலாம். ஆனால் பராமரிப்புச் செலவில் தங்கள் பங்கைச் செலுத்த வேண்டும்.

நம் சங்கங்களுக்கு அவ்வளவு பெரிய ஆவணம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். கருவி யாருடையது, மாடிச் சாவி யாரிடம், மின்கட்டணத்தை யார் ஏற்கிறார், நிர்வாகக் கடவுச்சொல் எந்த இருவரிடம் இருக்கும், வீட்டு உரிமையாளர் மாறினால் கம்பத்தை யார் எத்தனை நாளில் இறக்கிக்கொள்வார் என்பவற்றை எழுதி, வீட்டுக்காரரும் சங்கமும் கையெழுத்திட்ட பிறகு சுவரில் துளை போடுங்கள்.