ஃபாதரை எப்போது அழைப்பது? நோயில்பூசுதல் பற்றிக் குடும்பங்களுக்கு

"இப்பவே ஃபாதரைக் கூப்பிட்டா அப்பா பயந்துடுவார்." நோயில்பூசுதல், அதாவது கத்தோலிக்கக் குரு (ஃபாதர்) நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) என்றாலே, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பொறுத்துப் பொறுத்து, நினைவு தப்பி வென்டிலேட்டர் வைத்த பிறகுதான் பங்குக் கோயிலுக்குப் போன் போகிறது. அதன்பின் நோயாளியால் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய முடியாது, நற்கருணை (கிறிஸ்துவின் உடலாகப் பெறும் அப்பம்) வாங்க முடியாது, ஆமென் சொல்லவும் முடியாது. ஆண்டவர் காப்பாற்றுவார் என்று வாய் ஓயாமல் சொல்லும் வீடுகளும் நோயில்பூசுதலைக் கடைசி நேரத்துக்குத் தள்ளுவதுதான் வேடிக்கை.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 'அவஸ்தை கொடுப்பது' என்று பெரியவர்கள் சொன்ன காலத்தில் அது சாவுப்படுக்கைச் சடங்காகவே இருந்தது. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தெளிவாக்கியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய முறையை அங்கீகரித்தார்: நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும், ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயும் ஆகும்.

நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பூசலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1004). புற்றுநோய் உறுதியாகி சிகிச்சை தொடங்கும் நேரம், இதய அறுவை சிகிச்சைக்கு முன், பக்கவாதம் வந்தவுடன் என்று கொள்ளலாம். பெரிய நோய் இல்லாவிட்டாலும் மிகவும் தளர்ந்துபோன முதியோருக்கும், புத்தி தெரிந்த குழந்தைகளுக்கும் உண்டு. பல் பிடுங்கவும் தலைவலிக்கும் இது இல்லை. பிப்ரவரி 11, உலக நோயாளர் தினத்தையொட்டிப் பங்குகளில் பொதுவாகப் பூசும்போது கோயில் முழுவதும் வரிசையில் நின்றுவிடுவது சரியல்ல. ஒருமுறை பூசிவிட்டால் தீர்ந்தது என்பதும் தவறு. குணமாகி மீண்டும் கடுமையாக விழுந்தாலோ அதே நோய் முற்றினாலோ திரும்பப் பெறலாம்.

போனில் "சீரியஸ் ஃபாதர், சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னால் அரை மணி நேரம் வரவேற்பறையிலேயே போய்விடும். நோயாளியின் பெயர், பிளாக், வார்டு, படுக்கை எண், நினைவு இருக்கிறதா, பேசுகிறாரா, விழுங்குகிறாரா, அறுவை சிகிச்சை எத்தனை மணிக்கு, வாசலில் பாஸோடு யார் நிற்பார்கள்: இவ்வளவும் வேண்டும். டியூட்டி நர்ஸிடம் முன்பே சொல்லி வையுங்கள். வீட்டில் என்றால் வெள்ளைத் துணி விரித்த சிறு மேசை, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு), மெழுகுவர்த்தி, தீர்த்தம் (மந்திரித்த தண்ணீர்), கொஞ்சம் பஞ்சு, ஒரு தம்ளர் தண்ணீர். ஆக்ஸிஜன் ஓடும் இடத்தில், அது வீடாக இருந்தாலும், மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது.

முதலில் ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), அந்தச் சில நிமிடங்கள் உறவினர்கள் வெளியே போக வேண்டும். மகன் கட்டிலருகே நின்றால் அப்பா வாய் திறக்க மாட்டார். பிறகு பூசுதல், கடைசியில் நற்கருணை. சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கும் நோயாளிக்கு மருத்துவரைக் கேட்காமல் நற்கருணை வேண்டாம். அறுவை சிகிச்சை காலையில் என்றால் முந்தைய நாள் மாலையே அழைத்துவிடுங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு நற்கருணையின் சிறு துணுக்கே போதும். நினைவில்லாதவருக்கும் பூசலாம், நினைவிருந்தால் கேட்டிருப்பார் என்று கொள்ள இடமிருந்தால். அவசரத்தில் நெற்றியில் ஒருமுறை பூசினாலே செல்லும். இறந்தது உறுதியான பிறகு பூசுவதில்லை. அதை மறைத்துக் குருவை வரவழைப்பதில் யாருக்கும் பயனில்லை. இறந்தோருக்கான செபங்கள் தனியே இருக்கின்றன.

பூசும் அதிகாரம் குருக்களுக்கும் ஆயர்களுக்கும் மட்டுமே. திருத்தொண்டரும் (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) துறவற சிஸ்டரும் நற்கருணை கொண்டுவரலாம், பூச முடியாது. திருத்தலத்திலிருந்து வாங்கி வந்த எண்ணெயைத் தடவிவிட்டு "பூசியாச்சு" என்று இருந்துவிடுகிறார்கள். அது பக்திப் பொருள், அருளடையாளம் அல்ல. தையல் போட்ட புண்ணில் அதைத் தடவவே கூடாது.

பாவத்திலிருந்து விடுவிக்கும் ஆண்டவர் இவரை மீட்டு எழுப்ப வேண்டும் என்றுதான் குரு செபிக்கிறார். ஆன்ம நலனுக்கு உதவுமானால் உடல் நலமும் திரும்பும் என்பது திருச்சபையின் போதனை (கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 1532). குணமாகாவிட்டால் நம்பிக்கை போதவில்லை என்று நோயாளியிடம் சொல்வதைப்போலக் கொடுமை வேறில்லை. "செபக்கூட்டத்தில் சுகமாகிவிட்டது" என்று இன்சுலினை நிறுத்துவதும் அப்படித்தான் ஆபத்து. நோயில் ஆண்டவரிடம் வேண்டச் சொல்லும் அதே சீராக் (விவிலிய நூல்) 38ஆம் அதிகாரம் மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. கடவுள்மேல் கோபப்படும் நோயாளியை அதட்ட வேண்டாம். விவிலியத்தின் திருப்பாடல் 88ஐ மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். முதலில் கடவுளைத் தன் மீட்பர் என்று அழைத்துவிட்டு, முடிவு வரை முறையிட்டுக்கொண்டே இருக்கிறது அது.

கட்டிலருகே கண்விழித்துக் கிடப்பவர்களுக்கும் ஒரு சலுகை உண்டு. நோயாளிக்கு மட்டுமல்ல, அவரைப் பராமரிப்பவருக்கும் நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உண்ணா நோன்பு கட்டாயமில்லை (திருச்சபைச் சட்டம், எண் 919). சாப்பிட்டுவிட்டோமே என்று ஒதுங்கி நிற்க வேண்டாம்.