ஆறரை சதுர மீட்டரில் ஒரு குடும்பம்

ரயிலில் மிடில் பர்த்காரருக்கும் லோயர் பர்த்காரருக்கும் நடக்கும் பஞ்சாயத்து நமக்குப் புதிதல்ல. ஒருவருக்குப் படுக்க வேண்டும், இன்னொருவருக்கு உட்கார வேண்டும், பலகையோ ஒன்றுதான். ரயில்வே இதைத் தச்சரிடம் விடவில்லை, கடிகாரத்திடம் விட்டது. இரவு 10 முதல் காலை 6 வரை படுக்கை, மற்ற நேரம் இருக்கை.

சரக்கு வேன் ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு தங்கிப் பயணிக்கும் கேம்பர்வேனாக மாற்றும்போது வருவதும் இதே பஞ்சாயத்துதான். ஐரோப்பாவில் இந்த வேலைக்கு அதிகம் வாங்கப்படுவது ஃபியட் டுகாட்டோ. பக்கச் சுவர்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால் உள்ளே அகலம் 1.87 மீட்டர் வரை கிடைக்கும். ஆள் குறுக்கே படுக்கலாம். எல்3 எச்2 என்ற அளவு வேன் ஆறு மீட்டர் நீளம். சரக்குப் பகுதி மட்டும் 3.7 மீட்டர், உயரம் 1.93. வெப்பக் காப்புப் பொருளும் பிளைவுட்டும் ஒட்டியபின் மிஞ்சுவது சுமார் ஆறரை சதுர மீட்டர். இதில் நான்கு பேர் தூங்கி, சமைத்து, சாப்பிட்டு, மழை நாளில் சண்டையும் போட வேண்டும்.

படம் வரைய உட்காரும் பெரும்பாலானோர் கட்டிலில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தொடங்க வேண்டிய இடம் சீட் பெல்ட்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு 13.9 மீட்டர். அந்த வேகத்தில் போகும் 20 கிலோ குழந்தையின் இயக்க ஆற்றல் சுமார் 1,930 ஜூல். கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழும்போது கிடைக்கும் ஆற்றல் அது. மோதலில் வேனும் பெல்ட்டும் சேர்ந்து அரை மீட்டர் சொச்சத்தில் குழந்தையை நிறுத்தியாக வேண்டும். குழந்தையின் எடையைப் போல பதினாறு, பதினேழு மடங்கு விசை அப்போது பெல்ட்டில் இறங்கும். பெல்ட் அதை இருக்கைக்கும், இருக்கை அதைத் தரைக்கும் கடத்தும். அந்தத் தரை ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள தகடு. துளை போட்டு போல்ட் முடுக்கினால் தகரத்திலிருந்து ஆணியைப் பிடுங்குவது போல வந்துவிடும். கார்களில் பெல்ட்டைப் பிணைக்கும் நங்கூரப் புள்ளிகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 14, ஒவ்வோர் இருக்கையிலும் தோள்பட்டைக்கு 13,500 நியூட்டன், இடுப்புப்பட்டைக்கு 13,500 நியூட்டன் என ஒரே நேரத்தில் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஓர் இருக்கைக்கு இரண்டே முக்கால் டன். பெல்ட் இருக்கையிலேயே பொருத்தப்பட்டிருந்தால் இருக்கையின் எடையைப் போல 20 மடங்கு விசை அதற்கு மேல்.

ஆகவே பின்வரிசை இருக்கையை நாமே செய்வதில்லை. சோதனையில் தேறிய சட்டத்தோடு வரும் பெஞ்சை வாங்கி, வேனின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் இடத்தில் வைப்பார்கள். அது எங்கே நிற்க முடியும் என்பதை வேன்தான் தீர்மானிக்கும், நாமல்ல. பக்கவாட்டில் பார்த்து உட்காரும் சோபா அழகாக இருக்கலாம். ஆனால் ஓடும் வண்டியில் அதில் குழந்தை உட்காரக் கூடாது. குழந்தை இருக்கையை அதில் பொருத்தவும் முடியாது. குழந்தை இருக்கை ஒன்று சுமார் 45 செ.மீ. அகலம், இரண்டுக்கு 90. முன் இருக்கைகளுக்குப் பின்னால் கால் நீட்ட இடம் விட்டு இந்தப் பெஞ்சை முதலில் வரைந்துகொண்டால் மற்றவை தாமாக நெருங்கி வந்து உட்காரும்.

அப்புறம் கடிகாரம். குழந்தைகள் எட்டு மணிக்குத் தூங்குவார்கள், பெரியவர்கள் பதினொன்றுக்கு. பலரும் போடும் படம் இது: பின்னால் பெற்றோருக்குப் பெரிய நிரந்தரக் கட்டில், முன்னால் சாப்பாட்டு மேசையை இறக்கினால் பிள்ளைகளுக்குப் படுக்கை. தாளில் எல்லாம் பொருந்தும். எட்டு மணிக்கு மேசை படுக்கையாகிவிடும். அதன்பின் அப்பாவும் அம்மாவும் மூன்று மணி நேரம் எங்கே உட்காருவார்கள்? வெளியே மழை பெய்தால் இருவரும் பின்கட்டிலில் முதுகை வளைத்து, போன் வெளிச்சத்தில் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். காலையில் எதிர்ப்புறப் பிரச்சினை. ஆறு மணிக்கு எழுகிற பெரியவருக்குக் காபி போட்டு வைக்க மேசை இல்லை, அதில் பிள்ளை தூங்குகிறது.

என் முடிவு இதைத் தலைகீழாக்குவது. முதலில் தூங்கி, பகலிலும் குட்டித் தூக்கம் போடுகிறவர்களுக்குத்தான் நிரந்தரக் கட்டில். பின்கதவை ஒட்டிக் குறுக்கே இரண்டடுக்கு பர்த். மெத்தை 70 செ.மீ. அகலம், விளிம்புப் பலகையோடு 75. படுக்கை நீளம் 1.80 மீட்டர். பெற்றோருக்கு, விரித்தால் கட்டிலாகும் பெஞ்ச். கூட்டிப் பாருங்கள்: பர்த்துக்கு 75, விரித்த பெஞ்சுக்கு 185, கால் நீட்டவும் திருப்பிய முன் இருக்கைகளோடு மேசை போடவும் 100. மொத்தம் 360 செ.மீ., நம்மிடம் இருப்பது 365 அளவில். பெஞ்சை விரிக்கும் வேலை ஒவ்வோர் இரவும் உண்டு, 115 செ.மீ. அகலத்தில் இரண்டு பெரியவர்கள் என்பது நெருக்கம்தான். ஆனால் எட்டிலிருந்து பதினொன்று வரையிலான அந்த மூன்று மணி நேரம் மீண்டும் நம் கைக்கு வருகிறது. எனக்கு அந்தப் பேரம் கட்டுபடியாகும்.

மேல் பர்த்துக்கு ஒழுங்குமுறை வேறு. வீட்டு அடுக்குக் கட்டில்களுக்கான ஐரோப்பியத் தரநிலை, ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை மேலே படுக்க வைக்க வேண்டாம் என்கிறது. தடுப்பு, மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 16 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி 6 முதல் 7.5 செ.மீ. வரை, அதற்கு மேல் போனால் சின்னக் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். வேனுக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. அழகுக்காக மெத்தையைத் தடிமனாக்கினால் அதே அளவு தடுப்பின் உயரம் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்றை யாரும் வரைபடத்தில் போடுவதில்லை. பின்னால் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பக்கக் கதவுக்கும் நடுவில் அடுப்பு இருக்கிறது. தீ பிடித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே பின்கதவு உள்ளிருந்தே திறக்க வேண்டும், அதன் முன்னால் எந்தப் பெட்டியும் நிற்கக் கூடாது. சரக்கு வேன்கள் சிலவற்றில் உள்கைப்பிடியே இருப்பதில்லை. அதைப் பொருத்துவதை முதல் வாரத்திலேயே முடிப்பது நல்லது.

எடைக்கு வருவோம். ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளில் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டக்கூடியது 3.5 டன் வரை. வெறும் வேனே 2 டன்னுக்கு அருகில். மீதி ஒன்றரை டன் நிறைய என்று தோன்றும். 18 மி.மீ. பிர்ச் பிளைவுட் ஷீட் ஒன்று, எட்டுக்கு நாலு அடியில், 36 கிலோ. அதே அளவு 15 மி.மீ. பாப்லர் பிளைவுட் 20 கிலோ. பத்து ஷீட் போட்டால் வித்தியாசம் 160 கிலோ, அதாவது இரண்டு பெரியவர்கள். தச்சு வேலை நன்றாகத் தெரிந்தவர்கள் செய்யும் வேன்கள்தான் பெரும்பாலும் அதிக எடையாகின்றன; வீட்டு அலமாரி போலவே செய்துவிடுகிறார்கள்.

மொத்த எடை சரியாக இருந்தாலும் அது எங்கே உட்காருகிறது என்பது தனிக் கேள்வி. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்று சொன்னால் போதும். பின்பாரமான வண்டியில் நுகத்தடி மேலே எழும். வேனில் பின்சக்கர அச்சுதான் தாங்குபுள்ளி. டுகாட்டோ எல்3-இல் இரு அச்சுகளுக்கும் இடையே 4.035 மீட்டர். நான்கு சைக்கிளும் தாங்கியும் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவற்றைப் பின்கதவில் மாட்டினால் அச்சுக்குப் பின்னால் 1.3 மீட்டரில் தொங்கும். 60-ஐ 1.3-ஆல் பெருக்கி 4.035-ஆல் வகுத்தால் 19. முன் அச்சிலிருந்து 19 கிலோ கழன்றுபோகிறது. பின் அச்சில் ஏறுவது 60 அல்ல, 79 கிலோ. டுகாட்டோவை இழுப்பது முன்சக்கரம் என்பதால் ஈரப் புல்வெளியில் அது வெறுமனே சுழல்வதற்கு இந்த 19 கிலோவும் ஒரு காரணம். தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, டின் உணவு எல்லாம் இரு அச்சுகளுக்கும் நடுவே, தரையை ஒட்டி இருக்கட்டும். பின்பர்த்தில் படுக்கும் பிள்ளைகள் வண்டி ஓடும்போது பெஞ்சில் இருப்பார்கள், அவர்களை இந்தக் கணக்கில் பின்னால் சேர்க்க வேண்டாம்.

மூச்சுக் காற்றுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் மரச்சாமான்களை அழிப்பது அதுதான். வேனுக்குள் சுமார் 12 கன மீட்டர் காற்று. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும், ஆக மொத்தம் 200 கிராம் சொச்சம். இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் எட்டு மணி நேரத்தில் மூச்சிலும் வியர்வையிலும் வெளிவிடுவது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். மீதி எங்கே போகும்? எது குளிர்ச்சியோ அங்கே. எஃகு வெப்பத்தைக் காப்புப் பொருளைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்தும், எனவே காப்பு ஒட்டாமல் விட்ட, வேன் சுவரின் ஒரு விலா எலும்புச் சட்டம் போதும், இரவெல்லாம் அதன்மேல் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். பிள்ளைகளின் பர்த் சுவரை ஒட்டி இருப்பதால் முதலில் நனைவது அவர்கள் போர்வைதான். மெத்தையின் அடியிலும் இதே கதை. கெட்டிப் பலகைமேல் போட்ட மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் கரும்புள்ளிப் பூஞ்சை. சட்டப் பலகைகள்மேல் வைத்தால் காற்றோடும்.

கரியமில வாயுவுக்கும் இதே கணக்கு. நால்வரும் தூக்கத்தில் மணிக்குச் சுமார் 40 லிட்டர் வெளிவிடுவார்கள். 12,000 லிட்டர் காற்றில் அது 0.33 சதவீதம். வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதம் சொச்சம். முழுக்க அடைத்த வேனில் ஒரு மணி நேரத்திலேயே எட்டு மடங்கு கூடிவிடும் என்று பொருள். காலையில் எல்லோருக்கும் தலைவலி, பழி மட்டும் தலையணைக்கு. கூரையில் 40 செ.மீ. சதுர விசிறி ஒன்று வெளியே இழுக்க, எதிர் மூலையில் தாழ்வாக ஒரு ஜன்னல் சற்றே திறந்திருக்க, காற்று படுக்கைகளைத் தடவிக்கொண்டு போக வேண்டும். விசிறியையும் ஜன்னலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அவை இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், பர்த்துக்குக் காற்று வராது.

ஹீட்டர் கீழே, வெப்பம் மேலே. மேல் பர்த்தில் இருப்பவன் போர்வையை உதைப்பான், கீழே இருப்பவள் இன்னொன்று கேட்பாள். சூடான காற்றுக் குழாயின் ஒரு வாயைக் கீழ் பர்த்துக்கு அடியில் விடுவது இதற்கு மருந்து. கேஸ் சிலிண்டர் வைத்தால் அதன் பெட்டிக்குத் தரையில் துளை வேண்டும், எல்பிஜி காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் பற்றி வாதமே கிடையாது, வாங்க வேண்டும்.

இவ்வளவையும் கணக்குப் போட்டபின் ஒரு மாஸ்கிங் டேப் வாங்கி, வண்டி நிறுத்துமிடத் தரையில் எல்லாவற்றையும் முழு அளவில் ஒட்டினோம். பிள்ளைகள் அவரவர் பர்த்தில் படுத்தார்கள். நாங்கள் பெஞ்சில் படுத்தோம். பிறகு பெரியவனை எழுப்பி, "பாத்ரூம் போ" என்றேன். பெஞ்சை விரித்தபின் சமையல் பலகைக்கும் எங்கள் கட்டிலுக்கும் நடுவே மிஞ்சிய பாதை 20 செ.மீ. அவன் கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நேராக என் வயிற்றில் மிதித்துக்கொண்டு போனான். அன்றே கையடக்கக் கழிப்பறைக்குக் கீழ் பர்த்தின் அடியில் இடம் ஒதுக்கினோம்.

சின்னவள்தான் அடுத்ததைக் கேட்டாள். "அப்பா, பெஞ்ச் கட்டிலாயிட்டா என் சீட் எங்க தூங்கும்?" இரண்டு குழந்தை இருக்கைகளுக்கும் ராத்திரியில் இடமே இல்லை, படத்தில் அவற்றைப் பகலில் மட்டுமே வரைந்திருந்தேன். இப்போது அவை இரவில் முன்னால் போய்விடுகின்றன, ஒன்று ஸ்டியரிங்கின் முன், இன்னொன்று பக்கத்தில். காலையில் முகாமில் நடந்துபோகிறவர்கள் கண்ணாடி வழியாக ஓட்டுநர் இருக்கையில் ஒரு குட்டி இருக்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.