புரூஸ் சாண்புழு: சொல் விளக்கம்

வட அமெரிக்காவின் வடக்குக் காடுகளில் நவம்பர் வாக்கில், இலையெல்லாம் கொட்டி உறைபனி விழ ஆரம்பித்த பிறகு, மங்கிய பழுப்பு நிறத்தில் சின்ன அந்துப்பூச்சிகள் பறக்கும். அறிவியல் பெயர் ஓபரோப்தெரா புரூசியாட்டா. ஆங்கிலத்தில் புரூஸ் ஸ்பான்வார்ம். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கண்ணில் படுவதால் வேட்டைக்காரர் அந்து என்ற பெயரும் உண்டு.

புரூஸ் என்பவர் நியூயார்க் மாநிலத்துப் பூச்சி சேகரிப்பாளர் டேவிட் புரூஸ். 1886இல் பூச்சியியலாளர் ஹல்ஸ்ட் இந்த இனத்தை விவரித்து அவர் பெயரை வைத்தார். கடைசியில் வரும் 'ஆட்டா', உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் தொடங்கிய வழக்கம். இந்தக் குடும்பத்து ஆணின் உணர்கொம்பில் சீப்புப் பல் இருந்தால் 'ஆரியா', வெறும் நூலாக இருந்தால் 'ஆட்டா' என்று முடித்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த நெருங்கிய உறவான புரூமாட்டாவின் பெயரை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது லத்தீன் 'புரூமா', அதாவது குளிர்காலம்; ஆண்டின் மிகக் குறுகிய பகல் என்பதே அதன் மூலப்பொருள். பூச்சிகளையும் பிரித்தறிவது கடினம். இரண்டும் கலந்து இனப்பெருக்கமும் செய்கின்றன.

ஸ்பான் என்றால் நம் சாண். புழுவுக்கு நடு உடலில் கால் கிடையாது. முன்காலை ஊன்றி, பின்பகுதியை அதன் அருகே இழுக்கும். முதுகு வளைந்து எழும். பிறகு தலையை நீட்டி அடுத்த சாண் வைக்கும். குடும்பப் பெயரான ஜியோமெட்ரிடேவுக்கும் கிரேக்கத்தில் நிலம் அளப்பவர் என்றுதான் பொருள். நம்மூரில் காவடிப்புழு என்பார்களே, அது பொருந்தாதா? அழகான சொல்தான். ஆனால் ஆமணக்குக் காவடிப்புழு வேறு குடும்பம். அந்தப் பெயரை அதற்கே விட்டுவிடுவது நல்லது.

பெண்ணுக்குப் பறக்க உதவும் சிறகே இல்லை. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்து வெளியே வந்து, மேப்பிள், ஆஸ்பென் மரங்களில் ஏறி, வாசனையால் ஆணை அழைக்கும். ஆண் 0 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரிலும் பறந்து வரும். உடம்பைச் சூடேற்றிக்கொண்டு அல்ல. உடல் லேசு, சிறகு அகலம், அதனால் மெதுவாக அடித்தாலே போதும். முட்டை பட்டை இடுக்கில் குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் பொரியும்.

ஆகவே புழுவுக்குப் புரூஸ் சாண்புழு, வளர்ந்த பூச்சிக்குப் புரூஸ் சாண் அந்து என்று எழுதலாம். குளிர்கால அந்து என்று பொதுவாக எழுதினால் அது புரூமாட்டாவைக் குறித்துவிடும்.