சொல் விளக்கம்: விளையாட்டு, ஓய்வு, சுற்றுலாச் சூழல் மேலாண்மை

பல்கலைக்கழகப் பாடப் பெயர்களில் 'என்விரான்மென்டல் மேனேஜ்மென்ட் ஆஃப் ஸ்போர்ட், லெஷர் அண்ட் டூரிசம்' என்று ஒன்று உண்டு. தமிழில் சொல்லச் சொன்னால் 'விளையாட்டு, ஓய்வு மற்றும் சுற்றுலா சுற்றுச்சூழல் மேலாண்மை' என்று எழுதி முடித்துவிடுவோம். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் வாய்விட்டு நாலு முறை சொல்லிப் பாருங்கள், 'சுற்றுலா சுற்றுச்சூழல்' வரும்போது நாக்கு இடறும். அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

'டூர்' என்ற சொல்லின் வேர் கிரேக்கத் 'தோர்னோஸ்'. வட்டம் வரையவும் மரம் கடையவும் பயன்பட்ட கருவியின் பெயர் அது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பயணம் என்ற பொருள் ஏறியிருந்தது. 'என்விரான்மென்ட்' என்பதன் உள்ளேயும் ஒரு வட்டம் இருக்கிறது: பழைய பிரெஞ்சில் 'விரோன்' என்றால் வட்டம், 'என்விரோன்' என்றால் சுற்றிலும். தமிழிலும் இரண்டு சொற்களின் தலையிலும் 'சுற்று' வந்து உட்கார்ந்திருக்கிறது.

சுற்றுலா என்பது சுற்று + உலா. உலா நமக்குப் பழகிய சிற்றிலக்கிய வகை. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் அவனைப் பார்ப்பார்கள். அங்கே போகிறவன் பார்க்கப்படுகிறவன். சுற்றுலாவில் அது தலைகீழ், போகிறவரே பார்க்கிறவர். பார்க்கப்படுவது மலையும் கடற்கரையும் அங்கே குடியிருக்கும் மக்களும். இந்தப் பாடம் கவலைப்படுவது அந்தப் 'பார்க்கப்படும்' பக்கத்தைப் பற்றித்தான்.

இனி சூழல். 'சூழ்' என்றாலே சுற்றி நிற்பதுதான். அதன்மேல் 'சுற்று' என்பதையும் சேர்ப்பது இலக்கணத்தில் ஒருபொருட்பன்மொழி, 'மீமிசை' போல. தனியாக நிற்கும்போது 'சூழல்' என்பது சந்தர்ப்பம் என்ற பொருளிலும் வழங்குவதால், அந்தக் குழப்பம் வராமலிருக்கச் 'சுற்று' உதவுகிறது என்பது சரி. 'சுற்றுலா' பக்கத்திலேயே நிற்கும்போது அந்த உதவி தேவைப்படுவதில்லை. 'சுற்றுலாச் சூழல்' என்றாலே போதும். 'லா'வுக்குப் பின் வரும் 'ச்' மட்டும் விட்டுப்போகக் கூடாது. இலங்கைத் தமிழில் 'சுற்றாடல்' என்பார்கள், மேலாண்மையை 'முகாமைத்துவம்' என்பார்கள். கொழும்பில் படித்தவர் 'சுற்றாடல் முகாமைத்துவம்' என்று சொன்னால் அது வேறு துறையல்ல.

'சூழ்' என்ற வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஆராய்தல், முன்கூட்டி எண்ணுதல். 'மற்றொன்று சூழினும் தான்முந் துறும்' என்ற குறளில் வருவது அந்தச் சூழ்தல். சூழ்ச்சி என்ற சொல் பின்னாளில் கெட்டபெயர் எடுத்துவிட்டது, பாவம்; ஒரு காலத்தில் அது வெறும் ஆலோசனைதான்.

'ஸ்போர்ட்' பழைய பிரெஞ்சுச் சொல்லின் தேய்ந்த வடிவம். முழு வடிவம் 'டிஸ்போர்ட்', மனத்தை வேலையிலிருந்து அப்பால் கொண்டுபோவது என்று பொருள். வேர்ப்பொருளைப் பார்த்தால் நம் 'பொழுதுபோக்கு' அதற்கு நெருக்கம். ஆனாலும் 'விளையாட்டு' தொல்காப்பியத்திலேயே இருக்கும் சொல் ('கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு'), அதை மாற்ற வேண்டியதில்லை.

'லெஷர்' கொஞ்சம் வம்பான சொல். அதன் லத்தீன் வேர் 'லிக்கேரே', அனுமதிக்கப்பட்டிருத்தல். 'லைசென்ஸ்' அதன் உடன்பிறப்பு. நம் ஓய்வு என்பதோ ஓய்தலிலிருந்து வருவது: களைத்து நிற்றல், முடிதல். அதனால்தான் பணி ஓய்வும் ஓய்வுதான், மதியத் தூக்கமும் ஓய்வுதான். மலையேறுகிறவரையும் படகு வலிக்கிறவரையும் 'ஓய்வு எடுக்கிறார்' என்று எப்படிச் சொல்வது? 'ஓய்வுப்பொழுது' என்று எழுதினால், நேரத்தைச் சொல்கிறோம், அசதியைச் சொல்லவில்லை என்பது தெளிவாகும். என் தேர்வு அதுவே.

'மேனேஜ்' இத்தாலிய மொழியில் குதிரையைக் கைக்குள் வைத்துப் பழக்குவது. கை என்பதே அதன் வேர். மேலாண்மையில் இருப்பது ஆள்தல். வேளாண்மை, தாளாண்மை போல. இதில் ஆண்பால் தேட வேண்டாம். ஆளப்படுவது காடோ கடலோ அல்ல, அங்கே வருகிற மனிதர்கள்: எத்தனை பேர், எந்தப் பாதை, எந்த மாதம் என்பது. காட்டுக்கு மேலாளர் தேவையில்லை.

வகுப்பில் முதல் மாதத்திலேயே காதில் விழும் சொல் 'கேரியிங் கெபாசிட்டி'. கப்பல் எவ்வளவு சரக்கு தாங்கும் என்று கணக்கிடப் பிறந்து, மேய்ச்சல் நிலத்துக்குப் போய், பிறகு சுற்றுலாவுக்கு வந்த சொல். 1964இல் ஆலன் வாகர் என்ற அமெரிக்க ஆய்வாளர், இயற்கை நிலங்களின் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கு இதைப் பொருத்தி விரிவாக எழுதினார். இதைக் 'கொள்ளளவு' என்று பெயர்ப்பவர்கள் உண்டு, கூடாது. விளையாட்டரங்கில் எத்தனை இருக்கை என்பது கொள்ளளவு. மலைப்பாதை எத்தனை காலடிக்குப் பிறகு மண் இறுகி, புல் செத்து, மழையில் அரிக்கத் தொடங்கும் என்பது தாங்குதிறன். முன்னதை எண்ணிவிடலாம். பின்னது பருவத்துக்குப் பருவம் மாறும், வருகிறவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தும் மாறும்.

'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்' என்ற குறளை எந்தப் பாடநூலிலும் இதற்குச் சேர்க்கலாம். மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது பொருள். மயிலிறகு ஒவ்வொன்றும் லேசுதான், பயணி ஒவ்வொருவரும் லேசுதான். தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் முறிந்தது பவளப்பாறை. 2018 ஜூனில் மூடியவர்கள் 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள், அதுவும் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாட்டோடு. பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவை அதே 2018இல் ஆறு மாதம் மூடினார்கள். கழிவுநீர் கடலில் கலந்ததே முக்கியக் காரணம்.

ஒற்றை எண்ணைத் தேடி அலுத்த பிறகு, 1985இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். எத்தனை பேர் என்பதை விட்டு, எவ்வளவு மாற்றத்தை நாம் ஒப்புக்கொள்வோம் என்று கேட்டார்கள். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் 'லிமிட்ஸ் ஆஃப் அக்செப்டபிள் சேஞ்ச்' என்று பெயர், 'ஏற்புடை மாற்ற வரம்பு' என்று தமிழாக்கலாம். விளையாட்டுப் பக்கத்தில் நார்வேயில் நடந்த 1994 லில்லிஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கைப் பசுமைப் போட்டி என்றார்கள். நிகழ்ச்சிகளை நீடித்த வளர்ச்சிக்கு ஏற்ப நடத்துவதற்கான ஐஎஸ்ஓ 20121 என்ற சர்வதேசத் தரநிலை, லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012இல் வந்தது.

ஆக, பாடத்தின் பெயர்: விளையாட்டு, ஓய்வுப்பொழுது, சுற்றுலாச் சூழல் மேலாண்மை. 'மற்றும்' வேண்டாம், காற்புள்ளியே போதும். இதைச் 'சூழலியல்' என்று சுருக்கிவிடாதீர்கள். சூழலியல் உயிர்களுக்கும் அவை வாழும் இடத்துக்கும் உள்ள உறவை ஆராயும் அறிவியல், ஆங்கிலத்தில் 'எக்காலஜி'. இந்தப் படிப்பில் அது ஒரு தாளாக வரும், அவ்வளவுதான்.